அழிய மறுத்த எட்டு வரிகள்

அந்தப் பெண் அண்ணியின் அறைக்குள் வந்தபோது சனிக்கிழமை காலை மணி பதினொன்று. விடியற்காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில், குடை இருந்தும் பாதி நனைந்திருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா, என் தம்பி தானாவே மாடியிலேர்ந்து குதிச்சான்னு ஆயிடும். போடலைன்னாலும் ஃபைலை மூடிடுவாங்களாம். மூடிட்டா ஆஸ்பத்திரி ரூம் வாசல்ல நிக்கிற போலீஸ்காரரும் போயிடுவார்."

"போனா என்ன ஆகும்னு பயப்படறீங்க?" என்றாள் அண்ணி.

"இன்னிக்குக் காலையில அவன் விரல் அசைஞ்சுது மேடம். நாலு நாளா நினைவில்லாம கிடந்தவன். டாக்டர், சீக்கிரமே முழிச்சுடுவான்னு சொன்னார். சந்தோஷத்துல எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். சொல்லி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. அவனைத் தள்ளினவங்களுக்கும் சேர்த்துல்ல சொல்லியிருக்கேன்!"

சன்னலோரம் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்த கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அண்ணி இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளையும் திருட்டுகளையும் விசாரித்தவள். வேலையை விட்ட பிறகும் வழக்குகள் அவளை விடவில்லை. அவன் அவளுடைய கணவனின் தம்பி. கார் ஓட்டுவான், குறிப்பு எடுப்பான், யார் குற்றவாளி என்று அரை மணிக்கு ஒரு தரம் அறிவிப்பான். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அதனால் உற்சாகம் குறைந்ததுமில்லை.

"உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் அண்ணி.

வந்த பெண்ணின் தம்பி மூன்று வருடங்களுக்கு முன் இரண்டு விமானம் மாறி இந்த ஊருக்கு வந்தவன். பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி மாணவன். ஆள் ஒல்லி, குள்ளம். பேராசிரியர் முதல் காவலாளி வரை எல்லோரும் அவனைக் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயர்கணித வகுப்பும் எடுத்தான். செவ்வாய்க்கிழமை இரவு ஏழு நாற்பதுக்குக் கணிதத் துறையின் மூன்றாம் மாடியிலிருந்து படிக்கட்டுக் குழிக்குள் விழுந்தான். மாடியில் அவன் வழக்கமாக வேலை செய்யும் அறையின் கரும்பலகையில் எட்டு வரிக் கணக்கு இருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு. அடியில், 'எல்லாம் தவறு. இனி முடியாது.'

"அன்னிக்கு அவன்கிட்ட பேசினீங்களா?"

"எங்க ஊர்லேர்ந்து வீடியோவுல பேசினேன். ஆறேகால்லேர்ந்து ஏழு பத்து வரைக்கும். ஹாஸ்டல் சமையலறையில முட்டை பொரிச்சுக்கிட்டே பேசினான்."

"உங்க ஊர் நேரமா, இந்த ஊர் நேரமா?"

"இந்த ஊர் நேரம்தான். போன்ல பதிவு இருக்கு."

"என்ன பேசினான்?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு கேட்ட கேள்வியில ஒருத்தரோட மூணு வருஷ உழைப்பே ஆடிப்போச்சுக்கா, அதை எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளாத் தூக்கமில்லைன்னான். இன்னிக்குப் போய்ப் பேசிடுவேன், எட்டு மணிக்குள்ள திரும்பிடுவேன்னான். யார்கிட்டன்னு நான் கேட்கலை. போலீஸ் என்ன சொல்றாங்கன்னா, அந்த ஒருத்தர் வேற யாருமில்லை, அவனேதானாம்."

"ஆஸ்பத்திரிக்கு யார் யார் வராங்க?"

"மூணு பேர். அவனோட பேராசிரியர். அவனை மாதிரியே வெளிநாட்டுலேர்ந்து வந்து படிக்கிற ஒரு பொண்ணு, சாக்பீஸ்னு கூப்பிடறாங்க. அப்புறம் இந்த ஊர்ப் பையன் ஒருத்தன், மானிட்டர்னு பேரு. நான் தூங்கட்டும்னு ராத்திரியில அவங்க முறை போட்டு உட்கார்ந்தாங்க. நேத்து வரைக்கும்தான் பட்டியல். இன்னிக்கு ராத்திரி யாருன்னு தெரியாது."

அண்ணி காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். "கையெழுத்துப் போடாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பி பக்கத்துல உட்காருங்க. யார் வந்தாலும் அவங்களைத் தனியா விட்டுட்டு எழுந்திருக்காதீங்க, தண்ணி குடிக்கக்கூட."

கணிதத் துறை பழைய கட்டடம். நடுவில் கிணறு மாதிரி ஒரு குழி. அதைச் சுற்றிச் சுற்றி மூன்று மாடிக்குப் படிகள் ஏறின. கீழே தரையில் ஓர் இடம் மட்டும் மற்ற இடங்களைவிட வெளுப்பாக இருந்தது, தேய்த்துக் கழுவியிருந்தார்கள். கொழுந்தன் அதைத் தாண்டி நடந்தபோது கால் தானாக விலகிப் போனது. மேலே மழை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ எங்கோ ஒரு கதவை மூடினால் அந்தச் சத்தம் குழிக்குள் நெடுநேரம் சுற்றியது.

இன்ஸ்பெக்டர் மூன்றாம் மாடியில் காத்திருந்தார். தீ விபத்து வழக்குகளில் அண்ணியோடு பழகியவர். மரியாதை உண்டு, பொறுமை இல்லை. "அஞ்சு மணி வரைக்கும் உங்க இஷ்டம் மேடம். அதுக்கு மேல என் அதிகாரி விடமாட்டார்."

அண்ணி கைப்பிடிச் சுவரின் அருகே நின்று பார்த்தாள். அவள் இடுப்புக்கு மேல் இருந்தது. "குருவிக்கு நெஞ்சு வரைக்கும் வரும்," என்றாள். "கால் தடுக்கி விழ வழியில்லை. ஒண்ணு, ஏறிக் குதிக்கணும். இல்லை, யாராவது தூக்கிப் போடணும்."

அறை வாசலில் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் செய்வதறியாது நின்றார்கள். வகுப்பு இல்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், "குருவி சார் எப்ப வருவார்? என் கேள்விக்கு இந்த வாரம் பதில் சொல்றேன்னார்," என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார். அண்ணி அந்தப் பெண்ணைத் தூண் பக்கம் அழைத்துப் போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று கொழுந்தன் கேட்டதற்கு, "கணக்கு," என்றாள்.

"அப்ப நான் கேட்கலை. கணக்குன்னாலே எனக்குக் காய்ச்சல் வரும் அண்ணி."

அறைக்குள் பெஞ்சுகள், ஒரு மேசை, சுவர் முழுக்கக் கரும்பலகை. எட்டு வரிகளும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. பலகையின் ஓரத்தில் ஓர் ஆணியில் சுத்தமான காய்ந்த துணி தொங்கியது.

"செவ்வாய்க்கிழமை ராத்திரியே பூட்டி முத்திரை வெச்சாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "இதுக்கு அர்த்தம் கேட்க அன்னிக்குப் பேராசிரியரை மட்டும் கூட்டிட்டு வந்தோம். வேற யாரும் உள்ளே வரலை. போட்டோவும் எடுத்தாச்சு. கையெழுத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியலை. எல்லாம் குறியீடு. கீழே இருக்கிற ரெண்டு வாக்கியமும் கட்டம் கட்டமா எழுதினது."

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, கொழுந்தன் பலகையின் காலி மூலையில் ஒரு பூனை வரைந்தான். இன்ஸ்பெக்டர் முறைக்கவும் டஸ்டரை எடுத்து அவசரமாகத் துடைத்தான். பூனை ஒரே இழுப்பில் போனது. ஆனால் டஸ்டர் கை தவறி எட்டாவது வரியின் வால்மீதும் ஓடிவிட்டது.

"ஐயோ!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டவன், அப்படியே நின்றான். "அண்ணி, இது அழியவே இல்லையே!"

அண்ணி வந்து பார்த்தாள். அவளும் டஸ்டரை வாங்கி அந்த வாலின்மீது நன்றாக அழுத்தித் தேய்த்தாள். கொஞ்சம் மங்கியதே தவிர வரி அப்படியே இருந்தது.

"தம்பி, உங்க பூனைக்கு ஒரு கும்பிடு," என்றாள். "துப்புரவு வேலை பார்க்கிற அம்மாவைக் கூப்பிடுங்க."

அந்த அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடியே வந்தார். செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு இந்தப் பலகையைக் கழுவினீர்கள் என்று கேட்டதும், திருட்டுப் பட்டம் கட்டப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, குரலை உயர்த்தினார். "தினமும் கழுவறதுதான். இதுதான் கடைசி ரூம். ஆறரைக்கு ஈரப் பஞ்சால துடைச்சேன். ஆறு நாப்பதுக்குக் கீழே ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டேன், பஸ் ஏறிட்டேன். வாளி, பஞ்சு எல்லாம் என் அலமாரியில பூட்டினது பூட்டினபடி. இந்த மாடியில குழாய்கூடக் கிடையாது, கீழேர்ந்துதான் தண்ணி தூக்கிட்டு வரணும்."

"இந்த ஆணியில இருக்கிற துணி யாரோடது?"

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அந்தக் குருவிப் புள்ளையோடது. நான் கழுவறப்ப இருந்தா, நீங்க போங்கம்மா நான் காய வெச்சுக்கறேன்னு சொல்லும். நல்ல புள்ளைங்க. மாடியிலேர்ந்து குதிக்கிற புள்ளை இல்லை."

அண்ணி அவரிடம் பக்கத்து அறைப் பலகையைக் கழுவச் சொன்னாள். அந்த அறையிலும் சன்னல்கள் மூடியிருந்தன, செவ்வாய்க்கிழமையைப் போலவே மழை. பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினெட்டாவது நிமிடம் பலகை முழுக்கக் காய்ந்தது. கொழுந்தன் அதற்குள் இரண்டு கொட்டாவி விட்டு, பேராசிரியர்தான் குற்றவாளி என்றும் முடிவு செய்துவிட்டான்.

முதலில் வந்தவரும் பேராசிரியர்தான். நரைத்த தலை, கோட்டின் வலது கை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். எட்டு வரிகளையும் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இது அவனோட பழைய முயற்சி. போன மாசமே வேற வழி கண்டுபிடிச்சுட்டான். இதுக்காகவா உயிரை விடுவான்?" என்றார். "ஆறாவது வரியைப் பாருங்க. எண் பெரிசாகப் பெரிசாக ஒரு எல்லைக்கு அப்புறம்தான் விஷயம் உண்மையாகும். எந்த எல்லையை வேணும்னாலும் வெச்சுக்கலாம். நான் எழுதினா பத்துன்னு போடுவேன், வேற ஒருத்தர் ஆயிரம்னு போடுவார். இவன் என்னமோ நாற்பத்தொண்ணுன்னு போட்டிருக்கான். அதுக்கு அப்புறம் அந்த எண் எங்கேயும் வரலை. விளையாட்டுப் புத்தி."

செவ்வாய்க்கிழமை மாலை அவர் வீட்டில் தனியாக இருந்தாராம். சாட்சி யாருமில்லை.

மற்ற இருவரையும் அண்ணி அந்த அறைக்குள் விடாமல் வராந்தாவிலேயே விசாரித்தாள். அடுத்து வந்த சாக்பீஸ் உயரமான பெண். விரல் நுனிகள் வெடித்திருந்தன. திங்கட்கிழமை உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும், "இதை இப்படியே வெளியிட்டே, உன்னைத் தொலைச்சுடுவேன்," என்று குருவியிடம் கத்தினவள். கேட்டதும் மறைக்கவில்லை. "கத்தினேன்தான். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலையை அவசரப்பட்டு அனுப்பப் பார்த்தான். மறுநாளே அவன் இப்படி விழுந்து கிடப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செவ்வாய் மாலை நூலகத்தில் இருந்தாளாம். பார்த்தவர் இல்லை. துப்புரவு அம்மாவிடம் இருப்பது போக, அறைக்கு நான்கு சாவிகள். குருவியிடம் ஒன்று, பேராசிரியரிடம் ஒன்று, அவளிடம் ஒன்று.

நான்காவது மானிட்டரிடம். மானிட்டர் நல்ல வளர்த்தி, நல்ல சிரிப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது முதல் வங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுப்பது வரை அவன்தான். அவன் வந்த இரண்டு நிமிடத்தில் கொழுந்தனுக்கு அவனைப் பிடித்துவிட்டது. வரும்போதே எல்லோருக்கும் காபி கொண்டுவந்திருந்தான்.

"திங்கட்கிழமை எனக்கு வைவா, வாய்மொழித் தேர்வு. மூணு வருஷ வேலைக்குக் கடைசிப் படி. ஆனா மனசு ஓடலை," என்றான். "அந்த ரூம் பக்கம் போய் ரெண்டு வாரம் ஆச்சு சார். இந்த டிபார்ட்மென்ட்ல இன்னும் சுண்ணாம்பைக் கட்டிக்கிட்டு அழறாங்க. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல கரும்பலகையே கிடையாது. டேப்லட் இருந்தா எனக்குப் போதும்."

"குருவி விழுந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

"என் ரூம்ல, வைவாவுக்குப் படிச்சுக்கிட்டு. தனியாத்தான்," என்றவன், தணிந்த குரலில் கேட்டான்: "அவன் ஏதாவது பேசினானா மேடம்?"

"இன்னும் இல்லை," என்றாள் அண்ணி.

மணி மூன்றைத் தாண்டியது. மழை நிற்கிற வழியாக இல்லை. வராந்தாவில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கொழுந்தனுக்கு அந்தக் கட்டடமே பிடிக்கவில்லை. படியில் யார் ஏறி வந்தாலும் காலடி மட்டும் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார்.

"கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கணும்," என்று அண்ணி மூவரிடமும் சொன்னாள். "ஒவ்வொருத்தரா பக்கத்து ரூமுக்கு வந்து, போட்டோவைப் பார்த்து இந்த வரிகளைப் பலகையில எழுதிக் காட்டுங்க."

இன்ஸ்பெக்டர் கொடுத்த படங்களிலிருந்து அவள் ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். அதில் ஆறாவது வரி இருந்த இடத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் விழுந்து வெளுத்துப் போயிருந்தது. "இதைவிட நல்ல படம் இருக்கே அண்ணி," என்றான் கொழுந்தன். "இருக்கட்டும்," என்றாள். ஒவ்வொருவர் வருவதற்கு முன்பும் துப்புரவு அம்மா பலகையைப் புதிதாகக் கழுவினார்.

பேராசிரியர் வந்தார். சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தவர், பலகையைப் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பைத் திரும்ப வைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்று, பிறகு எழுதினார். ஐந்து வரிக்குப் பின் இடம் விட்டு ஒரு கேள்விக்குறி போட்டார். "இங்க ஒரு வரி படத்துல விழலை," என்றார்.

சாக்பீஸ் பெண் பலகையைப் பார்த்த பார்வையிலேயே உதட்டைப் பிதுக்கினாள். தன் நோட்டால் விசிறிக்கொண்டே, "எங்க பள்ளிக்கூடத்துல ஈரப் பலகையைத் தொட்டா வாத்தியார் வெளியே நிக்க வெச்சுடுவார்," என்றாள். காய்ந்த பிறகு எழுதினாள். ஆறாவது வரி வந்ததும் அரை நொடி நின்று, அந்த இடைவெளியைத் தானே நிரப்பிவிட்டு மேலே போனாள்.

மானிட்டர் சிரித்துக்கொண்டே வந்தான். சுண்ணாம்பை எடுத்தான். பலகை பளபளவென்று நனைந்திருந்தது. எழுத ஆரம்பித்தான். வரி மங்கலாக விழுந்தது. "சுண்ணாம்பு சரியில்லை போல," என்று வேறொன்றை எடுத்து அழுத்தி எழுதினான். நிற்காமல், தயங்காமல், எட்டு வரியையும் முடித்தான். கையைத் தட்டிக்கொண்டு, "இவ்வளவுதானே?" என்றான்.

"இவ்வளவுதான். வெளியே உட்காருங்க," என்றாள் அண்ணி.

அவன் போன பிறகு அவர்கள் அங்கேயே நின்று பார்த்தார்கள். பலகை மெல்லக் காய்ந்தது. மங்கலாக இருந்த வரிகள் ஒவ்வொன்றாக வெளுத்து, பளிச்சென்று எழுந்து வந்தன. அண்ணி டஸ்டரை நீட்டினாள். கொழுந்தன் தேய்த்தான். அழியவில்லை. காபி கொண்டுவந்து கொடுத்த பையன்!

நாலே காலுக்கு எல்லோரும் அந்தப் பக்கத்து அறையில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கதவருகே நின்றார். அண்ணி மேசையில் சாய்ந்துகொண்டு, துணிக் கணக்குச் சொல்வதுபோல் சாதாரணமாகப் பேசினாள்.

"காய்ஞ்ச பலகையில எழுதினா ஒரே இழுப்புல அழியும். ஈரப் பலகையில எழுதினது காய்ஞ்சப்புறம் ஒட்டிக்கும், தண்ணி போட்டுத்தான் கழுவணும். அந்த ரூம்ல இருக்கிற எட்டு வரியும் ஈரத்துல எழுதினது. அந்த அம்மா ஆறரைக்குக் கழுவினாங்க. பதினெட்டு நிமிஷத்துல காய்ஞ்சுடும். அப்படின்னா ஆறரைக்கும் ஆறு அம்பதுக்கும் நடுவுல எழுதினது. அந்த நேரம் குருவி ஹாஸ்டல்ல முட்டை பொரிச்சுக்கிட்டு அக்காகிட்ட பேசிக்கிட்டிருந்தான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அவன் வந்து தானே தண்ணி போட்டுத் துடைச்சிருந்தா?"

"பஞ்சு அலமாரியில பூட்டியிருக்கு, குழாய் கீழே இருக்கு. அதோட, பலகையைக் காய வைக்கத் தனியாத் துணி வெச்சிருக்கிற ஆள் அவன். அவன் எழுதலை. அவன் விழறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அவனோட கடைசிக் கடிதத்தை வேற யாரோ எழுதி வெச்சுட்டாங்க. கோபத்துல, கைகலப்புல நடந்தது இல்லை இது. எழுதிட்டு, அவன் வரட்டும்னு காத்திருந்து செஞ்சது."

சாக்பீஸ் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சுண்ணாம்போட வளர்ந்தவங்க ஈரத்துல எழுதமாட்டாங்க. அவசரமா இருந்தாலும் கை தயங்கும். இன்னிக்கு மூணு பேர்ல ரெண்டு பேர் கை தயங்குச்சு."

மானிட்டர் சிரித்தான். "ஈரத்துல எழுதினேன்னு என்னைத் தூக்குல போடுவீங்களா மேடம்?"

"மாட்டேன். ஆறாவது வரிக்காகக் கேட்கறேன். படத்துல அந்த வரி இல்லை. நீங்க எழுதினீங்க."

"மேல அஞ்சு வரி, கீழே ரெண்டு வரி இருந்தா நடுவுல என்னன்னு எந்தக் கணக்குக்காரனும் எழுதிடுவான். விட்டுட்டுப் போகக் கை வராது."

"நிஜம். அவங்களும் விட்டுட்டுப் போகலை." அண்ணி சாக்பீஸ் பெண்ணைக் காட்டினாள். "நீங்க என்ன எண் போட்டீங்கம்மா?"

"நூறு," என்றாள் அவள். "எதை வேணும்னாலும் போடலாமே."

"இவர் நாற்பத்தொண்ணு போட்டிருக்கார். முத்திரை வெச்ச ரூம்ல, ரெண்டு வாரமா தான் போகாத ரூம்ல, எந்த எண் எழுதியிருக்கோ அதே எண்."

மானிட்டரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. ஆனால் அதை எடுத்து வைக்க இடம் தெரியாமல் தடுமாறுவதுபோல் இருந்தது.

"காலையில அந்த ரெட்டைப் பின்னல் பொண்ணுகிட்ட பேசினேன்," என்றாள் அண்ணி. "போன மாசம் நீங்க அவங்க வகுப்புக்கு வந்து உங்க ஆராய்ச்சியைப் பத்தி நடத்தினீங்களாம். அவ ஒரு சந்தேகம் கேட்டா, அப்புறம் சொல்றேன்னு போயிட்டீங்க. அதையே குருவிகிட்ட கேட்டிருக்கா. அவன் அதைத் தன் நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கான். உங்க மூணு வருஷ வேலையில ஓட்டை. திங்கட்கிழமை வைவா. செவ்வாய் மதியம் தன் நோட்டை உங்ககிட்டயே கொடுத்து, படிச்சு வை, சாயங்காலம் பேசலாம்னு சொல்லியிருக்கணும். அந்த நோட்டோட பழைய பக்கத்துலேர்ந்துதான் இந்த எட்டு வரியும் வந்திருக்கு. போலீஸ் தேடினப்ப அது அவன் ரூம்லயும் இல்லை, அவன் பையிலயும் இல்லை. இன்ஸ்பெக்டர், இவர் பையைக் கொஞ்சம் பாருங்க."

"பையில எதுக்கு இருக்கணும்? தப்பு செஞ்சவன் எரிச்சிருக்க மாட்டானா?" என்று கொழுந்தன் தன்னை அறியாமல் கேட்டுவிட்டான்.

"எரிக்க முடியாது தம்பி. அதுல இவருக்கு வேண்டியது ஒண்ணு இருக்கும்னு நினைக்கிறேன்."

நோட்டு பையில் இருந்தது. பச்சை அட்டை, ஓரம் மடிந்தது. பேராசிரியர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாதியில் அவர் கை நின்றது. பிறகு வேகமாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓட்டையைக் காட்டியிருக்கான்," என்றார் கடைசியில். "நாலு பக்கம் தள்ளி அதை அடைச்சும் கொடுத்திருக்கான். அற்புதமா அடைச்சிருக்கான். கீழே எழுதியிருக்கான்: 'இது உன் பேரிலேயே இருக்கட்டும். எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடு.'"

மானிட்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "ஓட்டையைக் காட்டின முதல் ரெண்டு பக்கம்தான் பார்த்தேன்," என்றான். அவன் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. மேல திருப்பலை. எங்க வீட்டுல எல்லாரும் திங்கட்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி... எல்லாம் முடிஞ்சப்புறம்தான் மிச்சத்தைப் படிச்சேன்."

"படிச்சீங்க," என்றாள் அண்ணி. அந்த நாள் முழுக்க முதல் முறையாக அவள் குரலில் கோபம் தெரிந்தது. "படிச்சப்புறம், திங்கட்கிழமை அதையே சொல்லிப் பாஸாகலாம்னு பத்திரமா வெச்சுக்கிட்டீங்க. இன்னிக்குக் காலையில அவன் விரல் அசைஞ்சுதுன்னு சேதி வந்துச்சு. மதியம் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். சேதி வந்த அரை மணி நேரத்துல நேர்ல போய், ராத்திரித் துணைக்கு உங்க பேரை நீங்களே எழுதிட்டு வந்திருக்கீங்க. போலீஸ்காரர் போனப்புறம் அங்க என்ன செய்யறதா இருந்தீங்க?"

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தொட்டதும் எழுந்து, பழக்கதோஷமாக எல்லோருடைய காலி காபிக் குவளைகளையும் எடுக்கப் போனான். கொழுந்தனால் அதைப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை காலை குருவி கண் விழித்தான். அண்ணியும் கொழுந்தனும் போனபோது தலையணையில் சாய்ந்திருந்தான். தலைக்கட்டு அவன் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. அக்கா அவனுக்குக் கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பிறகு அவனுக்கு எதுவுமே ஞாபகமில்லை, இப்போதைக்கு எதையும் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் வாசலிலேயே எச்சரித்திருந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டான்.

"புதன்."

அவன் கணக்குப் போட்டான். கண்கள் லேசாக விரிந்தன. "அப்ப திங்கட்கிழமை முடிஞ்சு போச்சா? அக்கா, மானிட்டர் பாஸாயிட்டானா?"

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போட்ட கணக்கு சரியா இருந்துச்சாம்டா," என்றாள் அக்கா. "உங்க பேராசிரியரே சொன்னார்."

"அது தெரியும். அவன் படிச்சானா?"

"படிச்சான்."

"அப்பாடா," என்று குருவி கண்ணை மூடிக்கொண்டான். அவன் தூங்கும்வரை அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.